தொடாமல் எண்ணும் மூச்சு

பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில் 1816ஆம் ஆண்டு, இருதய நோயின் குறிகளோடு வந்திருந்த ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பதற்கு மரியாதை இடந்தராமற் போகவே, ரெனே லயனெக் என்ற வைத்தியர் காகிதத் தாள்களை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, அதன் ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் செவியிலும் பொருத்தினார். காதை ஒட்டிவைத்துக் கேட்பதைக் காட்டிலும் இருதயத்தின் ஓசை தெளிவாகக் கேட்டதைக் கண்டு வியந்தார். காகிதக் குழல் மரக்குழலாயிற்று. அதனால் அறிந்தவற்றை விரித்துரைக்கும் அவருடைய நூல் 1819-ல் வெளிவந்தது. அதற்கு நான்காம் ஆண்டில், அதாவது 1823-ல், பிரெஞ்சு அரசாங்கம் புதுச்சேரியில் ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கியது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின், அந்தப் பள்ளியின் வழியில் வளர்ந்த கல்லூரியே 1964-ல் ஜிப்மர் என்ற ஸ்தாபனமாக உயர்ந்து, இன்று கோரிமேட்டில் நான்கு திசையிலிருந்தும் வரும் நோயாளிகளை ஏற்றுக்கொள்கிறது. ஸ்டெதஸ்கோப்பும் நம் ஊரின் மேனாட்டு வைத்தியக் கல்வியும் ஏறக்குறைய ஒரே வயதினவாக இருப்பது தற்செயல்தான் என்றாலும், நான் சொல்ல வந்த விஷயத்துக்கு அது நல்ல வாயிலாக அமைகிறது.

அந்தக் குழல் செய்த பெரிய காரியம் என்னவென்றால், வைத்தியனுக்கும் நோயாளிக்கும் நடுவே ஒன்றிரண்டு சாண் இடைவெளியை உண்டாக்கி, அந்த இடைவெளியினாலேயே முன்னிலும் நன்றாக அறியச் செய்ததுதான். நாடியில் மூன்று விரல்களை வைத்து வாதபித்தகபங்களை நிதானிக்கும் நம் சித்த வைத்தியரும், மணிக்கட்டின் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியை 1860-ல் அமைத்துக் காட்டிய பிரெஞ்சு விஞ்ஞானி மாரேயும், மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டும் இன்றைய ஆஸ்பத்திரி ஊழியரும் உடலைத் தொட்டே உயிர்க்குறிகளை அறிகிறார்கள். இப்போது அந்த இடைவெளி சில கஜ தூரமாக விரிந்து, குழலே மறைந்துபோயிருக்கிறது. சுவரிலோ கூரையிலோ பொருத்திய, உள்ளங்கையில் அடங்கும் சிறிய பெட்டியொன்று ரேடியோ அலைகளை வீசி, படுத்திருப்பவரின் மார்பில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு, அவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், அவர் இருதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பவற்றைத் தொடாமலே கணக்கிடுகிறது. இந்த ரேடியோ அலை சென்சரின் யோக்கியதை என்ன, நம் ஊர் வார்டுகளில் அதற்கு எங்கே இடம் உண்டு, எங்கே இடமில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டானது ஓர் இரவில். சில ஆண்டுகளுக்கு முன், நிமோனியா கண்டிருந்த என் பெரியம்மாவுக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் தங்கியிருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தபோது, ஜுரமும் நாடியும் ரத்த அழுத்தமும் வேளைக்கு வேளை மாறிக்கொண்டிருக்க, மூச்சுக்கான கட்டத்தில் மட்டும் 20, 20, 20 என்று ஒரே எண் இறங்கிக்கொண்டே வந்தது. நள்ளிரவு கடந்து அவ்வழியாக வந்த வயது முதிர்ந்த நர்ஸிடம் தயங்கிச் சொன்னேன்.

"சிஸ்டர், மூச்சு கொஞ்சம் வேகமா வாங்குற மாதிரி இருக்கு."

"எண்ணிப் பாத்தீங்களா ஐயா? வயித்து மேல லேசா கைய வைங்க. எண்ணுறோம்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க, சொன்னா மூச்சு மாறிடும். கடிகாரத்தப் பாத்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கக் கூடாது."

எண்ணினேன், 28 வந்தது. அவரும் ஒருமுறை எண்ணினார், 28. டியூட்டி டாக்டரை அழைத்து வந்தார், ஆக்ஸிஜன் வைத்தார்கள். அட்டையில் 20 எழுதியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் என்றாலும் 30 கட்டில்களுக்கு மூச்சு எண்ண மட்டும் அரைமணி நேரம் வேண்டும். ஊசியும் மருந்தும் டிரிப்பும் மாற்றிக்கொண்டு வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவருக்கு அந்த அரைமணி எங்கே கிடைக்கும்? ஆஸ்திரேலிய வைத்திய சஞ்சிகையொன்றில் 2008-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, உயிர்க்குறிகளுள் யாராலும் கவனிக்கப்படாதது என்றே மூச்சு எண்ணிக்கைக்குப் பெயர் சூட்டியது. வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கவேண்டிய மூச்சு 24-ஐத் தாண்டினால் உடல் பெரிய ஆபத்தை நோக்கிப் போகிறது என்று கொள்ளலாம் என்பதும், ரத்த அழுத்தம் வீழ்வதற்கு முன்பே மூச்சு பல வேளைகளில் எச்சரித்துவிடுகிறது என்பதும் வைத்தியர்கள் அறிந்தவையே. குழந்தைகளின் நிமோனியாவைக் கண்டுகொள்வதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் முதன்மையான அடையாளமும் மூச்சுக் கணக்குத்தான்: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, அல்லது அவற்றுக்கு மேல். இவ்வளவு விலைமதிப்பற்ற ஓர் எண், எண்ணுவதற்கு ஆளில்லாத காரணத்தால் அட்டையில் வெறும் சம்பிரதாயமாகிவிட்டது. ரேடியோ அலைச் சென்சரைப் பற்றி வரும் செய்திகளில் இருதயத் துடிப்பையே எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதன் உண்மையான பயன் மூச்சிலேதான் இருக்கிறது.

அது எண்ணும் விதம் அப்படியொன்றும் மாயமன்று. அலை என்பது போகிற இடமெல்லாம் தன் அளவுகோலைத் தானே சுமந்துகொண்டு போவது; முகட்டுக்கு முகடு உள்ள தூரமே அந்த அளவுகோலின் ஒரு பாகம். 60 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்தத் தூரம் 5 மில்லிமீட்டர். அலை மார்பு வரை போய்த் திரும்பவேண்டியிருப்பதால், மார்பு இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே திரும்பும் அலை ஒரு முழுச்சுற்று பிந்தியோ முந்தியோ வந்துசேர்கிறது. மூச்சு இழுத்து விடும்போது மார்பு சில மில்லிமீட்டர்களிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை ஏறி இறங்கும். ஆகவே சுற்றுகள் தாராளமாகத் தெரியும். இருதயத் துடிப்பினால் மார்புத் தோலில் உண்டாகும் அசைவோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் கால் மில்லிமீட்டர் அசைவுகூட ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்காதலால் நுட்பமான கருவிக்கு அதுவும் பிடிபடுகிறது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் தன்மை மாறும் என்று 1842-ல் டாப்ளர் கூறிய தத்துவமே இதற்கு அடிப்படை. இதனோடு, அலையின் அதிர்வெண்ணைக் கணத்துக்குக் கணம் ஏற்றிக்கொண்டே வீசும் உபாயத்தையும் சேர்த்துக்கொண்டால், எதிரொலி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஏற்றி வீசினால் சுமார் 4 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரு பொருள்களைப் பிரித்தறியலாம். பருத்திப் புடவையும் போர்வையும் இந்த அலைகளுக்குத் தடையாவதில்லை. உடம்பில் நீர் மிகுதியாதலால் தோலில் பட்டதும் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

இந்த 5 மில்லிமீட்டர் அலை நம் தேசத்துக்குப் புதியதன்று. ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை நிரூபித்து ஏழெட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், மற்றவர்கள் நீண்ட அலைகளை நாடிச் சென்றபோது தாம் மட்டும் மிகக் குறுகிய அலைகளை நாடி, 1895-ல் அவற்றின் இயல்புகளைப் பகிரங்கமாகச் செய்து காட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அதே கருவிகளோடு உரையாற்றினார். அவர் கையாண்டவற்றுள் மிகக் குறுகியது இந்த 5 மில்லிமீட்டர் அலையே. பிற்காலத்தில் அவர் ரேடியோவை விட்டுத் தாவர ஆராய்ச்சிக்குத் திரும்பி, கண்ணுக்குத் தெரியாத செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் க்ரெஸ்கோகிராப் என்ற கருவியை அமைத்தார். உயிருள்ள ஒன்றின் மிக நுண்ணிய அசைவை அளக்கவேண்டும் என்ற தாகமும், அதற்கு வேண்டிய மிக நுண்ணிய அலையும் ஒரே மனிதரின் கைகளில் இருந்தும், ஒன்றையொன்று சந்திக்காமலே போயின. அவை சந்திக்கக்கூடிய காலத்தை, விரல்நகம் அளவுள்ள சில்லில் அந்த அலையைப் பிறப்பிக்கும் மின்னணு வித்தை பின்னால் வந்துதான் உண்டாக்கியது.

அவ்வித்தையின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நுண்ணலைகளைக் கொண்டு சுவாசத்தை அளந்த பரிசோதனையை 1975-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் லின் வெளியிட்டார். 1980-களில் இடிபாடுகளுக்கு அடியில் உயிரோடிருப்பவரைக் கண்டறியும் முயற்சிகள் தொடங்கின. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலம் நடுங்கியபோது, நாசாவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஃபைண்டர் என்ற கருவி சௌதாரா என்னும் ஊரில் சுமார் 10 அடி ஆழத்தில் புதையுண்டு கிடந்த நான்கு பேரின் இருதயத் துடிப்பைக் காட்டிக்கொடுத்தது, நால்வரும் மீட்கப்பட்டனர். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் டினா கதாபியின் குழுவினர், 8 மீட்டர் தூரத்திலிருந்தும் அடுத்த அறையிலிருந்தும் ஒருவரின் மூச்சையும் துடிப்பையும் அறியலாம் என்று காட்டினர். 2022-ல் அக்குழுவினர், உறக்கத்து மூச்சின் போக்கிலிருந்தே பார்க்கின்ஸன் நோயின் அடையாளத்தைக் காணலாம் என்ற ஆய்வை வெளியிட்டனர். 2021-லேயே கூகுளின் படுக்கையோரச் சாதனமொன்றில் உறக்கத்தைக் கவனிக்கும் ராடார் சில்லு சேர்ந்து விற்பனைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் பெங்களூரின் டோஸீ என்ற சாதனம் ஆஸ்பத்திரிகளில் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் அது மெத்தைக்கு அடியில் வைத்த விரிப்பின் மூலம் உடலின் நுண்ணதிர்வை உணர்வதாகையால், உடலில் ஒட்டாத வகையைச் சேர்ந்ததே தவிர ரேடியோ அலையைச் சேர்ந்ததன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் பரவலாக இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

எங்கே இது இன்றியமையாததாகும் என்று யோசித்தால், முதலில் என் மனக்கண்முன் வருபவர்கள் ஒட்டுவதற்குத் தோல் இல்லாதவர்கள்: தீக்காயம் பட்டவர்கள், குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள். காகிதத்தினும் மெல்லிய அச்சிசுவின் தோலிலிருந்து ஒட்டுப்பட்டையைப் பிய்க்கும்போது தோலே உரிந்துவரக்கூடும். அடுத்து வருபவர்கள் கட்டுவிரியன் தீண்டியவர்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், வலியோ வீக்கமோ பல்தடமோ தெரியாமல், விடியற்காலையில் கண்ணிமை தொங்க எழுந்து புதுச்சேரிக்குத் தூக்கிவரப்படுவது இப்பக்கத்து வைத்தியர்களுக்குப் பழகிய காட்சி. அந்த விஷம் நரம்பையும் தசையையும் சேர்க்கும் இடத்தைத் தாக்குவதால், மூச்சு ஒரேயடியாக நின்றுபோவதற்கு முன் மணிக்கணக்கில் சிறுகச் சிறுக ஆழம் குறைந்துகொண்டே வரும். இவ்விடத்தில் எண்ணிக்கை மட்டும் போதாது. மார்பு எவ்வளவு உயர்கிறது என்பதும் வேண்டும். எண்ணிக்கையையும் உயரத்தையும் சேர்த்து இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வல்ல ஒரு கண் பக்கத்தில் இருந்தால், சுவாசக் கருவி பொருத்தவேண்டிய தருணம் கைநழுவிப் போகாது.

மூன்றாவதாக நம் பெண்களைச் சொல்லவேண்டும். லயனெக்கைக் குழல் சுருட்ட வைத்த நாணம் இன்னும் நம் வார்டுகளில் இருக்கிறது. திரைச்சீலை பாதி மூடிய கட்டிலில், ஆண் ஊழியர் ஈ.சி.ஜி. ஒட்ட வரும்போது முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்ளும் கிழவிகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய கூச்சத்தினாலேயே துடிப்பு ஏறிவிடுகிறது. புடவையோடும் போர்வையோடும் படுத்தபடி அளவு எடுக்கக் கூடுமானால் அதை வெறும் சௌகரியம் என்று தள்ளிவிடக் கூடாது. அளவே அங்கு மெய்யானதாகிறது. எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று அந்த நர்ஸ் சொன்னதும் இதுவேதான்.

இனி இதன் குறைகளைச் சொல்லவேண்டும். அவற்றை மறைத்துப் புகழ்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதை இந்த அலை அறியாது. அதற்கு விரலில் மாட்டும் ஒளிக்கருவியே வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் ஜுரத்துக்கும் அதனதன் கருவிகளே கதி. தொண்டை அடைபட்டவரின் மார்பு மூச்சுக்காகப் போராடி ஏறி இறங்கும், காற்றோ உள்ளே போகாது; மார்பின் அசைவை மட்டும் காணும் சென்சர் அதையும் மூச்சென்றே எண்ணிவிடக்கூடும். இருதயத் துடிப்பின் கணக்கில் வேறொரு சிக்கல் உண்டு. மூச்சின் அசைவு துடிப்பின் அசைவைவிடப் பன்மடங்கு பெரிதாகையால், நிமிடத்துக்கு 24 மூச்சு விடுகிறவரின் அலையில் 48, 72, 96 என்று அதன் மடங்குகளும் நிழல்போல எழும். அவர் இருதயமும் 96 முறை துடிக்குமானால், தெரிவது இருதயமா மூச்சின் நிழலா என்று பிரிப்பது கடினம். நோயாளி புரண்டு படுத்தால் அந்தக் கணங்களின் கணக்கு அடியோடு போய்விடும்.

மேனாட்டு ஆய்வுக்கூடங்களில் சொல்லப்படும் துல்லியம், குளிரூட்டிய அறையில், ஒருவர் தனியே அசையாதிருக்கையில் கிடைத்தது. நம் பொது வார்டை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் மின்விசிறி. அதன் சிறகுகளின் வேகம் மூச்சின் வேகத்திலிருந்து வெகுவாக விலகியிருப்பதால் அவற்றை நீக்கிக் கணக்கிடுவது அவ்வளவு சிரமமன்று. ஆனால் அந்தக் காற்றில் மெல்ல ஏறி இறங்கும் போர்வையின் ஓரமும், ஆடும் திரைச்சீலையும், ஊசலாடும் டிரிப் குழாயும் மூச்சின் தாளத்தோடேயே அசைகின்றன. இவற்றை மூச்சிலிருந்து பிரிப்பதுதான் உண்மையான சோதனை. கட்டிலின் விளிம்பில் மகள் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருப்பாள். கீழே பாயில் மகன் உறங்குவான். அடுத்த கட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்கும். வியர்வையில் நனைந்த துணி, ஈரத்தின் காரணமாக அலையின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கடற்கரை ஊராகிய நமக்கு வியர்வையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆகையால் இங்கே வரும் எந்தச் சென்சரும் இங்கேயுள்ள வார்டில், ஓடும் விசிறியின் கீழ், உறவினர் சூழ்ந்திருக்கும்போதே, நர்ஸ் ஒருவர் முழு நிமிடம் எண்ணிய கணக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடப்படவேண்டும். பொய்யாக அலறும் மணி இரவில் பத்து முறை அடித்தால், பதினோராவது முறை மெய்யாக அடிக்கும்போது யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

ரேடியோ அலை என்றதும் எக்ஸ்ரேயை எண்ணிப் பலர் அஞ்சுகிறார்கள். இந்தச் சென்சர்கள் வீசும் சக்தி மில்லிவாட் கணக்கில் அடங்குவது. எக்ஸ்ரேயைப்போல அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கும் வலிமை இவ்வகை அலைக்கு இல்லை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. கேமரா முகத்தைப் பார்க்கிறது. அது பார்க்கிறது என்பது நமக்கும் தெரிகிறது. இந்த அலையோ திரைச்சீலையைக் கடந்து, பார்க்கப்படுகிறவர் அறியாமலே பார்க்கிறது. அதிர்வெண் குறைந்த வகைகள் சுவரையும் கடக்கும். நோயாளியோடு சேர்த்து, பக்கத்தில் உறங்கும் மகனின் மூச்சும் அதில் பதிவாகும். உறக்கத்து மூச்சிலிருந்து பார்க்கின்ஸன் நோயையே ஊகிக்கக் கூடுமென்றால், அந்தப் பதிவு நாளை ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கையில் என்னவாகும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் வேண்டும் என்கிறது. கைரேகை வைக்கும் கிழவிக்கு அந்தச் சம்மதத்தின் அர்த்தத்தைத் தமிழில், எழுத்தில் மட்டுமல்லாமல் வாய்மொழியாகவும் விளங்கவைப்பது ஆஸ்பத்திரியின் கடமை; சிகிச்சை முடிந்ததும் பதிவை அழிப்பதும் அவ்வாறே.

நர்ஸுகளைக் குறைப்பதற்கு இதை ஒரு சாக்காகக் கொள்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கு இடங்கொடுக்கக் கூடாது என்பது என் திடமான முடிவு. அந்த இரவில் என் பெரியம்மாவைக் காத்தது 28 என்ற எண் மட்டுமன்று. அந்த எண்ணைக் கண்டதும் எழுந்து நடந்த கால்களும், நெற்றியைத் தொட்டுப் பார்த்த கையுமாகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்கெனவே மானிட்டரும் ஆளும் இருக்கிறார்கள். இந்தச் சென்சர் வரவேண்டிய இடம் பொது வார்டு; அங்கே எண்ணுவதற்குச் செலவாகவேண்டிய அரைமணியை நர்ஸுக்கு மீட்டுக் கொடுப்பதே அதன் வேலை. புதுச்சேரியில் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டிய ஆஸ்பத்திரிகளும் பொறியியல் கல்விச்சாலைகளும் ஒரு மணிநேரப் பயணத்துக்குள்ளேயே இருக்கின்றன.

அது வருகிறபோது வரட்டும். இதைப் படிக்கிறவர்களுள் யாரேனும் இன்றிரவு ஒரு நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கக் கூடும். அவரிடம் சொல்லாமல், வயிற்றின் மேல் லேசாகக் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 24-க்கு மேல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே எழுந்துபோய், நர்ஸிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.